கணவர் கையெழுத்துக்குப் படிவத்தில் இடமில்லை

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய மருத்துவமனையின் மகளிர் புறநோயாளிகள் பிரிவுக்குக் கல்லூரி மாணவி ஒருவர் வந்தார். கருவுற்று எட்டு வாரம் ஆகியிருந்தது, கருவைக் கலைக்க வந்திருந்தார். ஓ.பி. சீட்டில் பெயரையடுத்து 'த/பெ' என்றிருந்ததைக் கண்ட செவிலியர், "வீட்டுக்காரர் வரலையாம்மா? கையெழுத்துப் போட அம்மாவையாவது கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதை அவர் பரிவோடுதான் சொன்னார். பதினோரு நாள் கழித்து அதே மாணவியை, மருந்துக் கடையில் தானாக வாங்கி விழுங்கிய மாத்திரைகளால் உதிரப்போக்கு நிற்காத நிலையில் அவசரப் பிரிவில் பார்த்தேன். கருப்பையைச் சுத்தம் செய்து, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றிய பிறகே நிலைமை கட்டுக்குள் வந்தது. செவிலியரை நான் கடிந்துகொள்ளவில்லை. அவர் இருக்கையில் இருந்திருந்தால் அந்நாளில் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அந்தப் பதினோரு நாளின் கணக்கைப் பலர் உணர்வதில்லை. மாத்திரை வழிக் கருக்கலைப்புக்கு நம் விதிகள் அனுமதிக்கும் உச்ச வரம்பு ஒன்பது வாரம். முதல் நாளே கவனித்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது, நாங்கள் கேட்ட கையெழுத்தால் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் அந்தக் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை. கருக்கலைப்புக்கான ஒப்புதலைப் பெறும் 'சி' படிவத்தை எடுத்துப் பாருங்கள்: இன்னாருடைய மகள் அல்லது மனைவி, வயது, முகவரி, பிறகு அந்தப் பெண்ணின் கையெழுத்து. கணவருக்கென்று ஒரு வரிகூட அதில் இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கும், மனநலப் பாதிப்பு உள்ளவருக்கும் மட்டுமே பாதுகாவலரின் ஒப்புதல் தேவை. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்திலேயே இது இருக்கிறது. ஆனாலும் 'பின்னால் பிரச்சினை வரக்கூடாது' என்ற அச்சத்தில், கணவர் கையெழுத்தை நாங்களாகவே ஒரு விதியாக்கி வைத்திருந்தோம்.

இத்தகைய பழக்கங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தைப் பேச வைத்தவர், திருமணமாகாத 25 வயதுப் பெண் ஒருவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர், பெற்றோர் விவசாயிகள். உடன் வாழ்ந்தவர் திருமணத்துக்கு மறுத்துவிட்ட நிலையில், இருபது வாரம் கடந்த கருவைக் கலைக்க அனுமதி கேட்டார். 2021-இல் திருத்தப்பட்ட சட்டம், 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பைச் சில பிரிவினருக்கு மட்டுமே அனுமதித்தது. கருவுற்ற காலத்தில் கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் அப்பட்டியலில் இருந்தனர், திருமணமாகாதவர் இல்லை. தில்லி உயர் நீதிமன்றம் 2022 ஜூலை 15 அன்று இதைக் காட்டியே மறுத்தது. ஆறே நாளில் உச்ச நீதிமன்றம், மருத்துவக் குழுவின் கருத்துக்கு உட்பட்டு, இடைக்கால அனுமதி தந்தது. செப்டம்பர் 29 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, திருமணமானவர், ஆகாதவர் என்று பிரிப்பது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்றது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக்கூடாது என்றும் சொன்னது. அந்த வரி எங்களை நோக்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. எங்கள் பிரிவில் அதை முதலில் முழுமையாகப் படித்தவர்கள் இரண்டு பயிற்சி மருத்துவர்கள், இருவருமே இருபத்தைந்தைத் தொடாதவர்கள். படிவத்தின் அடியில் யாரோ ரப்பர் ஸ்டாம்ப் குத்திச் சேர்த்திருந்த 'கணவர் கையொப்பம்' என்ற வரியைச் சுட்டிக்காட்டி, "மேடம், இது எந்த விதியில இருக்கு?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. ஸ்டாம்ப் மேசை இழுப்பறைக்குள் போனது. அதற்கே இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன, மூத்த மருத்துவர் ஒருவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் வந்தால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பது உண்மையே. ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு கூறுகிறது. போலீசுக்குப் போய்விடும் என்ற பயத்தில் மருத்துவமனைப் பக்கமே வராத குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். வயது வந்த பெண்ணின் விவரத்தை உரிய அதிகாரம் இல்லாத எவரிடமும், பெற்றோரே ஆனாலும், வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இப்போது வரும் இளம்பெண்களில் சிலர் தீர்ப்பைக் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் தோழியுடன் வந்த ஒருவர், "யார் கையெழுத்துப் போடணும்?" என்று பயிற்சி மருத்துவர் கேட்டு முடிப்பதற்குள், "நான்தான்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். கருவுக்கு ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.