ஏர் ரைஃபிள் சிலிண்டருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முன்கூட்டியே காற்றை அடைத்துவைத்துச் சுடும் பிசிபி ரைஃபிள் ஒன்றின் சிலிண்டர் 300 மில்லி கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். அதை 250 பார் வரை, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 250 மடங்கு வரை நிரப்ப, வெளிக்காற்று சுமார் 75 லிட்டர் தேவை. வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 21 கிராம் நீராவி இருக்கும். 75 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை கிராமுக்கு மேல். ஒரே நிரப்பலுக்கு முப்பது சொட்டுத் தண்ணீர்!

அது நீராவியாகவே இருந்துவிட்டால் தொல்லை இல்லை. ஆனால் இருக்காது. ஓரிடத்தில் எவ்வளவு நீராவி தங்கும் என்பதை முடிவு செய்பவை அந்த இடத்தின் கொள்ளளவும் வெப்பநிலையும்தான். அங்கே எவ்வளவு காற்றைத் திணித்தோம் என்பது பெரிதாகக் கணக்கில் வராது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் வரை தாங்கும். 300 மில்லிக்கு அது சுமார் 9 மில்லிகிராம். உயர் அழுத்தத்தில் இது ஓரளவு கூடும். ஆனாலும் பெரும்பகுதி நீராகியே தீரும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் கம்ப்ரஸர் காற்றைப் பிழிகிறது. பிழிந்த நீர் எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிலிண்டருக்குள் விழுந்தால் கதை மோசம். 250 பாரில் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜன் தரும் பங்கு மட்டுமே 50 பாரைத் தாண்டும். ஈரமும் சேர்ந்தால் எஃகு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி படியும். அந்தத் துகள் வால்வு மூடி அமரும் இடத்திலோ அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரிலோ சிக்கினால் காற்று கசியும். கண்ணுக்குத் தெரியாமல் சிலிண்டரின் சுவர் மெலிவதுதான் உண்மையான ஆபத்து.

ஆகவே கம்ப்ரஸருக்கும் ரைஃபிளுக்கும் நடுவிலேயே நீரை விழவைக்க வேண்டும். பிரிப்பான் கலத்தின் வேலை அதுதான். இங்கே பலர் கவனிக்காத ஒன்று, வெப்பம். காற்றை அழுத்தினால் சூடேறும். 60 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடம் 130 கிராம் நீராவியைத் தாங்கும், அதாவது 30 டிகிரியில் தாங்குவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பிரிப்பான் சூடாக இருந்தால் அவ்வளவு நீராவியும் அதைக் கடந்துபோய், குளிர்ந்த சிலிண்டருக்குள் நீராக மாறும். நீளமான குளிர்விப்புக் குழாய் வைப்பதும், கம்ப்ரஸரை ஓய்வெடுக்க விடுவதும் இதற்காகத்தான். ஓடும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை வடிகால் வால்வைத் திறந்துவிட வேண்டும். எண்ணெயும் நீரும் கலந்து பால் நிறத்தில் ஒரு கலவை வெளியேறும்.

கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் வாயில் ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் மணிகளை வைப்பவர்கள் உண்டு. கெடுதல் இல்லை, ஆனால் வீண் உழைப்பு என்பேன். அங்கே ஒன்றரை கிராமையும் அந்த மணிகளே பிடித்தாக வேண்டும். பிரிப்பானைத் தாண்டிய குளிர்ந்த, அழுத்தமான காற்றிலோ மிஞ்சுவது மில்லிகிராம் கணக்குதான். அதைப் பிடிக்க, நுண்துளைகளில் நீராவியைப் பிடித்துக்கொள்ளும் மாலிக்யூலர் சீவ் என்ற பொருளை நிரப்பிய சிறிய ஃபில்டர் போதும். அழுத்தம் கூடக்கூட காற்று அதனூடே மெதுவாக நகர்வதால், ஒட்டிக்கொள்ள நேரமும் கிடைக்கிறது.

இதில் ஒரு சிக்கல். பாதி காலியான ரைஃபிளை இணைத்ததும் ஃபில்டரிலும் அழுத்தம் 100 பாராகச் சரிந்தால், அதே அளவு வெளிக்காற்று 300 பாரில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நீராவியைச் சுமந்து வரும். நல்ல அமைப்புகளில் ஃபில்டருக்குப் பின்னால் அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். ஃபில்டருக்குள் குறிப்பிட்ட அழுத்தம் ஏறும்வரை அது காற்றை வெளியே விடாது.

குழாயைக் கழற்றுமுன் காற்றை வெளியேற்றும்போது வரும் வெண்புகையைப் பார்த்து ஃபில்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். விரியும் காற்று குளிர்ந்து, அறையிலுள்ள ஈரத்தையே பனியாக்கிக் காட்டக்கூடும். நிறம் மாறும் சிலிக்கா மணிகளைப் போல மாலிக்யூலர் சீவ் தன் நிலையைக் காட்டிக்கொடுக்காது. அதனால் கம்ப்ரஸர் ஓடிய மணிநேரத்தைக் குறித்துவைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு வந்ததும் மாற்றிவிட வேண்டும். வெயிலும் ஈரமும் மிகுந்த காலத்தில் அதற்கும் முன்பே.