ஜாமீன் கையெழுத்தை மறந்தால் சங்கத்தின் பணம் போகும்

கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களின் கடன் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞராக, சங்க இயக்குநர்களுக்கும் செயலாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். வராக்கடன் ஏன் என்று கேட்டால் கடன் வாங்கியவரின் நாணயத்தைக் குறை சொல்வார்கள். கோப்பைப் புரட்டினால் பெரும்பாலும் வேறு காரணம் தெரிகிறது. ஜாமீன்தாரரைச் சங்கம் மறந்துவிட்டிருக்கும்.

சட்டம் சங்கங்களுக்குக் கொடுத்திருக்கும் பலம் கொஞ்சநஞ்சமில்லை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 90ஆம் பிரிவின்படி கடன் தாவாவை, அதாவது கடன் பற்றிய வழக்கை, நேரே கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் கொண்டுபோகலாம். உரிமையியல் நீதிமன்றம் அதில் தலையிட 156ஆம் பிரிவு தடை விதிக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. ‘முதலில் அவரிடம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்’ என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது.

இத்தனை பலமும் ஒரு கையெழுத்தில்தான் நிற்கிறது. அந்தக் கையெழுத்து கடனைப் புதுப்பிக்கும் நாளில்தான் கைவிட்டுப் போகிறது.

நடப்பது இதுதான். பழைய கடனில் பாக்கி நிற்கும்போதே உறுப்பினர் கூடுதல் தொகை கேட்கிறார். சங்கம் புதுக் கடன் போட்டு, அதிலிருந்து பழைய பாக்கியை நேர் செய்துவிட்டு, மீதியைக் கையில் கொடுக்கிறது. பழைய கடன் பேரேட்டில் முடிந்துபோனது. அதற்கு நின்ற ஜாமீனும் அதோடு முடிந்தது. புதுப் பத்திரத்தில் அதே ஜாமீன்தாரர்கள் புதிதாகக் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் அதற்குள் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருப்பார். ‘அவர்தானே, தெரிந்தவர்தானே’ என்று கடனாளியிடமே பத்திரத்தைக் கொடுத்து வாங்கிவரச் சொல்வார்கள்.

அப்படியொரு பத்திரத்தைத் தாவா விசாரணையில் பார்த்தேன். ஜாமீன்தாரரின் பணியிடம் என்ற கட்டத்தில் பழைய அலுவலகத்தின் பெயரே இருந்தது. பத்திரத் தேதியன்று அவர் திருநெல்வேலியில் பணியில் இருந்ததற்கு வருகைப் பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்து வைத்தார். கையெழுத்தைப் பத்திரத்தின் மற்ற பக்கங்களோடு ஒப்பிடவே வேண்டியிருக்கவில்லை. ஜாமீன்தாரர் சங்க மேசை முன் வந்து, ஆவணம் காட்டி, எழுத்தர் கண்ணெதிரே கையெழுத்திட்டால் தவிர எந்தச் சங்கமும் கடன் வழங்கக் கூடாது என்று நான் விடாமல் வற்புறுத்துவது இதனால்தான்.

தவணைக் காலத்தை நீட்டித்துக் கொடுப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பில்லை என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. கூடுதல் அவகாசம் கொடுப்பதாகக் கடனாளியோடு தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டால் 135ஆம் பிரிவு அவரை முழுவதுமே விடுவித்துவிடும். கடனாளி மீதுள்ள இரக்கத்தில் இயக்குநர் குழு நிறைவேற்றும் ஒரு தீர்மானமே போதும். அதன் கீழே ஜாமீன்தாரரின் ஒப்புதலையும் வாங்கிவைப்பது ஐந்து நிமிட வேலை.

வசூலுக்கு வருவோம். கடன் கொடுக்கும்போதே தொகை எழுதாத காசோலை வாங்கிவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சம்பளப் பிடித்தம் மாதந்தோறும் வரவாகிக்கொண்டிருக்கும். திடீரென்று தவணை நின்றதும் பழைய முழுத் தொகையைக் காசோலையில் எழுதி வங்கியில் போடுவார்கள். தசரத்பாய் திரிகம்பாய் பட்டேல் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: இடையில் செலுத்திய தொகையைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் தாக்கல் செய்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி குற்றம் ஆகாது. திரும்பிய காசோலைக்கு 30 நாளில் நோட்டீஸ், பிறகு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்ற கணக்கை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

தவணை தவறியவரின் படத்தை அச்சிட்டுச் சங்க வாசலில் மாட்டுவதையும் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்வது மனிதரின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் பறிப்பது என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு கூட்டுறவுச் சங்க வழக்கில் 2024 டிசம்பரில் கூறியிருக்கிறது. கடன் வாங்கியவரும் உங்கள் உறுப்பினர்தான்.

ஓய்வு பெறப்போகிறவருக்கு நீண்ட காலக் கடன் கொடுப்பது இன்னொரு பொறி. அரசு ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. மற்ற நிறுவன ஊழியர்களின் பணிக்கொடைக்கு 2025 நவம்பர் வரை 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அரணாக நின்றது. கடைசித் தவணை ஓய்வு நாளுக்கு முன்பே முடிகிறதா என்று கடன் வழங்கும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் விட்டு இழப்பு நேர்ந்தால், கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவின் தண்டத் தீர்வை நடவடிக்கை, அதாவது இழப்பைப் பொறுப்பானவரிடமே வசூலிப்பது, இயக்குநர்களின் சொந்தச் சொத்துவரை வரலாம். வெறும் கவனக்குறைவு அதற்குப் போதாது, மனமறிந்த அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்கும் விசாரணையே ஆண்டுக்கணக்கில் ஆளை அலைக்கழித்துவிடும்.

கடைசியாக, மஞ்சள் நோட்டீஸ், அதாவது கடனாளி திவால் மனு போட்டு அனுப்பும் நோட்டீஸ். தனிநபர் திவாலுக்கான புதிய சட்டப் பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சென்னை நகருக்கு வெளியே சாதாரண உறுப்பினர் இன்றும் 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின்படிதான் ஐ.பி. மனு எனப்படும் திவால் மனு போடுகிறார். வழக்கறிஞர் நோட்டீஸ் வந்ததுமே ‘இனி ஒன்றும் கிடைக்காது’ என்று கோப்பைக் கட்டிவைத்துவிடும் சங்கங்கள் உண்டு. நோட்டீஸ் மட்டுமே எதையும் தடுக்காது. நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகுதான், 28ஆம் பிரிவின்படி அவர்மீது புது நடவடிக்கைக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும். அப்போதும் அடமானம் வைத்திருக்கும் சங்கம் அதை விற்று எடுக்கும் உரிமையை இழப்பதில்லை. மனுவில் நேரில் ஆஜராகி, கணக்கைக் காட்டி, கடனைப் பட்டியலில் சேர்க்க வைக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் பிள்ளை பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ நிலம் இலவசமாக மாறியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். 53ஆம் பிரிவு அந்த மாற்றத்தை ரத்து செய்ய வழி தருகிறது.

கடனாளி திவாலிலிருந்து விடுதலை பெற்றாலும், 44ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு நீங்காது. அவர் சங்கத்துக்குப் பணம் கட்டினால் ரசீதை அவர் பெயரிலேயே, ஜாமீன்தாரர் என்று குறித்துக் கொடுங்கள். கடனாளி கணக்கில் வரவு என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், கட்டிய தொகையைத் திரும்பக் கேட்டு அதே திவால் மனுவில் அவர் உரிமை கோருவது கடினமாகிவிடும்.