வாந்தி எடுக்கிற குட்டிக்கு எதுக்கு சாப்பாடு? பார்வோ வந்த குடல்ல நடக்கிறது

பெங்களூரு அல்சூர்லேர்ந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. மூணு மாச நாய்க்குட்டிக்கு பார்வோங்கிற வைரஸ் நோய், டாக்டர் மூக்கு வழியா ட்யூப் போட்டு கூழ் மாதிரி சாப்பாடு இறக்குறாராம், வீட்ல பெரியவங்க வாந்தி நிக்கிற வரைக்கும் வயித்தக் காயப் போடுங்கிறாங்களாம், எது சரின்னு. டாக்டர் செய்றதுதான் சரி. பெரியவங்களயும் குறை சொல்ல முடியாது, ரொம்ப வருஷமா கால்நடை மருத்துவமே அப்படித்தான் சொல்லிட்டு இருந்துச்சு.

பார்வோ 1978 வாக்குல உலகம் பூரா நாய்ங்களத் தாக்க ஆரம்பிச்ச வைரஸ், பூனைங்களுக்கு வர்ற ஒரு பார்வோவோட நெருங்கின சொந்தம். ரொம்பப் பொடிசு, அதோட டிஎன்ஏ மொத்தமே சுமார் 5,000 எழுத்துதான். டிஎன்ஏவ காப்பி எடுக்கிற என்சைம் அதுகிட்ட சொந்தமா கிடையாது, அதனால ரெண்டாப் பிரியறதுக்காக ஏற்கனவே காப்பி எடுத்துட்டிருக்கிற செல்லுக்குள்ள மட்டும்தான் அதால பெருக முடியும். குட்டி உடம்புல அப்படி வேகமாப் பிரியற செல் எலும்பு மஜ்ஜையில இருக்கு, நிணநீர் முடிச்சுல இருக்கு, சிறுகுடல்ல இருக்கு. மஜ்ஜை அடி வாங்குறதாலதான் ரத்தத்துல வெள்ளணு சரிஞ்சு போகுது.

குடலுக்கு வருவோம். ஸ்கூல்ல படிச்ச குடலுறிஞ்சி ஞாபகம் இருக்கும், சிறுகுடலோட உள்சுவர்ல விரல் மாதிரி நீட்டிட்டு இருக்குமே, அது ஒவ்வொண்ணோட அடியிலயும் குட்டிக் குட்டிக் குழி இருக்கு, அதுதான் நாத்தங்கால். புது செல் அங்க பொறந்து, பக்கவாட்டுல மெல்ல ஏறி, ஏறும்போதே முதிர்ந்து, உச்சியில உணவை உறிஞ்சி, சில நாள்ல உதிர்ந்துடும். வைரஸ் முதிர்ந்த பயிர விட்டுட்டு நாத்தங்கால அழிக்குது. மேல வழக்கம்போல உதிருது, கீழேர்ந்து நாத்து வரல, உறிஞ்சி மழுங்கி மொட்டையாகிடுது. ரத்தபேதி அதனாலதான், குடல் பாக்டீரியா ரத்தத்துல நுழையறதும் அதனாலதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். உடம்புல மத்த செல்லெல்லாம் ரத்தம் கொண்டு வர்றதத்தான் சாப்பிடும், குடல் செல் மட்டும் தன் மேல நேரா ஓடுற உணவுலேர்ந்தும் எடுத்துக்கும், குறிப்பா குளூட்டமின்ங்கிற அமினோ அமிலம் அதுக்கு முக்கியமான எரிபொருள். அதோட, உணவு குடல்ல படும்போது சில ஹார்மோன் சுரந்து குழிக்குள்ள மிச்சமிருக்கிற செல்லப் பிரியச் சொல்லுது. ட்ரிப்ல குளூக்கோஸ் எவ்ளோ ஏத்தினாலும் இந்தத் தூண்டல் வராது! நோயே இல்லாத மிருகத்தப் பட்டினி போட்டாக்கூட உறிஞ்சி சுருங்கும்.

2003ல தென்னாப்பிரிக்காவுல 30 நாய்ங்கள வெச்சு இதைச் சோதிச்சாங்க, வாந்தி நிக்கக் காத்திருக்காம சீக்கிரமே ட்யூப்ல உணவு கொடுத்த நாய்ங்க வேகமாத் தேறுச்சு, எடையும் கூடுச்சு. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு மருந்து கம்பெனி பணம் போடாது, கோழிக் கூழுக்கு யாரு பேட்டன்ட் வாங்குவாங்க? அரசாங்கம்தான் நம்ம கால்நடைக் கல்லூரிகளுக்கு இதுக்குன்னு தனியா நிதி ஒதுக்கணும்னு நான் உறுதியா நம்புறேன்.

பால் மட்டும் வேணாம். பாவம் பாத்து எல்லாரும் முதல்ல நந்தினி பால் பாக்கெட்டத்தான் பிரிக்கிறோம், ஆனா பால் சர்க்கரைய உடைக்கிற லாக்டேஸ் இருக்கிறது உறிஞ்சியில முதிர்ந்த செல்லுலதான், அதுதான் இப்போ மொட்டையா இருக்கே, செரிக்காத சர்க்கரை தண்ணிய இழுத்து பேதி கூடும்.

முதல்ல ட்ரிப், வாந்திக்கு ஊசி, உடம்புக்குக் கதகதப்பு, அப்புறம்தான் சாப்பாடு. துவண்டு கிடக்கிற குட்டி வாயில சிரிஞ்சால பீச்சினா நுரையீரலுக்குப் போயி நிமோனியா வரும், டாக்டர் ட்யூப் போடறது அதுக்கும் சேத்துத்தான். குட்டி தானா நக்க ஆரம்பிச்சதும் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாம வேகவெச்ச கோழியும் குழைஞ்ச சோறும் அரைச்சு, டாக்டர் சொன்ன அளவுல கொஞ்சம் கொஞ்சமா. மந்திரிச்ச கயிறு கட்டிட்டு ரெண்டு நாள் பாக்கலாம்னு காத்திருக்கிறவங்களப் பாக்கும்போது மனசு பதறுது, இந்த நோயில ரெண்டு நாளுங்கிறது குட்டியோட உயிர்.

தேறின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் மலத்துல வைரஸ் வரலாம், தெரு நாய்க்குட்டிங்க பக்கம் விடாதீங்க. சானிடைசருக்கு இது சாகாது, 30 பங்கு தண்ணிக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து 10 நிமிஷம் ஊற விட்டுத் தரையைக் கழுவுங்க.