சீ.வி.யின் முதல் மூன்று வரி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று எங்கிருந்து சீ.வி. வந்தாலும் முதல் மூன்று வரியில் ஒரே பந்திதான். மதிப்புமிக்க நிறுவனமொன்றில் சவாலான பதவியைப் பெற்று, திறமையை வளர்த்து, நிறுவனத்தின் முன்னேற்றத்துக்கு உழைப்பதே என் குறிக்கோள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். டவுனில் கொமியூனிகேஷன் கடைக் கம்ப்யூட்டரில் அது ஏற்கனவே கிடக்கிறது. பெயரையும் முகவரியையும் மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆட்சேர்ப்பு வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அந்தப் பந்தியைப் பார்த்தாலே கண் கீழே இறங்கிவிடும்.

கணக்கு உதவியாளர் வேலைக்கு ஒரு தம்பி வந்திருந்தார். உயர்தரம் வணிகப் பிரிவு.

"படிச்சு முடிச்சு ரெண்டு வருஷமா என்ன செய்தீங்க?"

"சும்மாதான் மேடம் இருந்தேன். தோட்ட ஆபீஸ்ல செக்ரோல் எழுத உதவிக்குப் போனேன்."

தோட்டத் தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேடுதான் செக்ரோல். அதை எழுதுவது சும்மா இருப்பதா? ஒவ்வொருவரின் பெயர், வேலை நாள், கொழுந்துக் கிலோ, முற்பணம், ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கும் 8 சதவீதம். ஒரு எண் பிசகினால் சம்பள நாளில் ஒரு குடும்பம் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். தோட்டம் என்று போட்டால் குறைவாக நினைப்பார்களாம். தோட்டத் தொழிலாளரின் லய வீட்டில் வளர்ந்த எனக்கு அது வலித்தது.

உட்கார்ந்து இருவரும் மாற்றி எழுதினோம்: "உயர்தரத்தில் கணக்கியல் படித்தேன். தோட்ட அலுவலகத்தில் 14 மாதம் 180 தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவுகளை எக்செலில் பராமரித்தேன். தமிழ், சிங்களம் இரண்டிலும் பேசிப் பணியாற்றுவேன். உங்கள் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்." என்ன படித்தார், எதைச் செய்தார், எந்த வேலைக்கு வருகிறார், எல்லாம் அதில் இருக்கிறது. எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு அது போதும்.

நேர்மையானவன், கடின உழைப்பாளி என்ற சொற்கள் வேண்டாம். எல்லாரும் அதையே எழுதுவதால் யாரையும் அவை பிரித்துக் காட்டுவதில்லை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை முடித்திருந்தால் துறையையும் மட்டத்தையும் முதல் வரியிலேயே போடுங்கள். மூன்றாம் மட்டமும் நான்காம் மட்டமும் வேலை கொடுப்பவருக்கு ஒன்றல்ல.

மொழி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். மும்மொழித் தேர்ச்சி என்று எழுதியவரிடம் நேர்முகத் தேர்வில் சிங்களத்தில் கேள்வி வந்ததும் முகம் வாடிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேச வரும், எழுத வராது என்றால் அப்படியே எழுதுங்கள். அதுவே ஒரு தகுதிதான்.

சீ.வி. ஆங்கிலத்தில்தான் போகப்போகிறது, சரி. ஆனால் இந்த மூன்று வரியை முதலில் தமிழில், கையால் எழுதிப் பாருங்கள். ஹோட்டல் வேலைக்கும் கடை வேலைக்கும் ஒரே மூன்று வரியை அனுப்பாதீர்கள். அப்புறம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டி ஆங்கிலமாக்கி, அந்தத் தாளோடு கொமியூனிகேஷனுக்குப் போய், கம்ப்யூட்டரில் இருக்கும் பந்தியை அழித்துவிட்டு இதை டைப் செய்யச் சொல்லுங்கள்.