இதயம் சொல்லியும் கேட்காத சிறுநீரகம்

காலையில் எழுந்து வரும் பிள்ளையின் கண்ணிமைகள் இரண்டும் உப்பியிருக்கும். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போல என்று முதல் நாள் விட்டுவிடுவோம். மறுநாள் அவனே கூப்பிடுவான்: "அம்மா, ஒண்ணுக்கு காப்பி கலர்ல போகுது." பால் விடாத கடுங்காப்பியின் நிறம். அளவும் குறைந்திருக்கும். யோசித்துப் பார்த்தால், பத்து நாளைக்கு முன் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போனது நினைவுக்கு வரும். இல்லையென்றால் ஒரு மாதத்துக்கு முன் காலில் சிரங்கு வந்து, சீழ் பிடித்து, ஆறியிருக்கும். அந்தத் தழும்புதான் பல சமயம் மருத்துவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

தொண்டையிலோ தோலிலோ வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா. அது சிறுநீரகத்துக்குள் போய்க் குடியேறுவதில்லை. அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் பாக்டீரியாவின் புரதங்களும் சேர்ந்து, ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் என்ற நுண்குழாய் முடிச்சுகளில் படிகின்றன. அங்கே அழற்சி மூளுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பின் வரும் இந்தச் சிறுநீரக அழற்சிதான் நம் பிள்ளைக்கு வந்திருக்கும் நோய். எதிர்ப்பொருள் உருவாக நாளாகும். அதனால்தான் தொண்டை வலிக்கு ஒன்று இரண்டு வாரம் கழித்தும், சிரங்குக்கு மூன்று முதல் ஆறு வாரம் கழித்தும் நோய் தெரிகிறது. பெரும்பாலும் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வரும். உலகில் ஆண்டுக்கு 4,70,000 பேருக்கு வருகிறது என்று 2005-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஏழை நாடுகளில்தான். நெருக்கமான வீடு, தண்ணீர்ப் பஞ்சம், ஆறாத சொறி சிரங்கு எல்லாம் இந்த நோயின் கதையிலேயே அடக்கம்.

சரி, முகம் ஏன் வீங்குகிறது, ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது? உடலில் உப்பும் நீரும் தங்கிவிடுகின்றன. ஒரு லிட்டர் நீரை உடல் பிடித்து வைக்க வேண்டுமென்றால் கூடவே ஏறக்குறைய 8 கிராம் உப்பும் தங்க வேண்டும், அதாவது ஒன்றரை டீஸ்பூன். அப்படியானால் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன்கள் இந்தப் பிள்ளைகளிடம் ஏறியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். ரத்தத்தில் அளந்து பார்த்தால் நிலைமை நேர் எதிர்.

அந்த ஹார்மோன் வரிசையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒவ்வொரு குளோமெருலஸுக்கும் ரத்தம் கொண்டுவரும் குட்டித் தமனியின் சுவரிலிருந்து ரெனின் சுரக்கிறது. ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் 1898-இலேயே முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரத்த அளவு குறைந்தாலோ அழுத்தம் தாழ்ந்தாலோ ரெனின் ஏறும். அது ஆஞ்சியோடென்சின் உருவாக வழி செய்யும். ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாய்களை இறுக்கும். அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகக் குழலின் கடைசிப் பகுதியில் சோடியத்தைத் திருப்பி உறிஞ்சச் செய்து, பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன பிள்ளையைக் காப்பாற்றுவது இந்த வரிசைதான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பின் வரும் அழற்சியில், முகம் வீங்கி அழுத்தம் ஏறியிருக்கும் அந்த முதல் நாட்களில், ரெனின் குறைவு. ஆல்டோஸ்டிரோனும் குறைவு, அல்லது ஏறாமல் இருக்கும். அதே நேரம் இன்னொரு ஹார்மோன் உயர்ந்திருக்கும்: ஏ.என்.பி. (ஏட்ரியல் நேட்ரியூரெட்டிக் பெப்டைடு). இது இதயத்தின் மேலறைகளிலிருந்து வருவது. 1981-இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்டின் குழு, எலியின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியது. அவை உப்பையும் நீரையும் கொட்டித் தீர்த்தன. ரத்தம் நிறைந்து மேலறையின் சுவர் விரிந்தால் இதயம் ஏ.என்.பி.யை அனுப்பும். "போதும், உப்பை வெளியே விடு" என்பதே அதன் சேதி.

ஆக, உடலின் கணக்கில் பிழையே இல்லை. ரத்தம் அளவுக்கு மீறி நிறைந்துவிட்டதை இதயமும் ரெனின் சுரக்கும் தமனியும் சரியாகவே உணர்ந்திருக்கின்றன. தன்னால் முடிந்ததையெல்லாம் உடல் செய்துகொண்டிருக்கிறது. சிறுநீரகம்தான் கேட்கவில்லை.

ஏன்? ஆரோக்கியமான பெரியவரின் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக விட்டு, மிச்சத்தையெல்லாம் திருப்பி உறிஞ்சுகின்றன. இந்த நோயில் அடிபடுவது முக்கியமாக வடிகட்டி; உறிஞ்சும் குழல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. வடிந்து வருவது குறைகிறது, வந்ததையும் குழல் விடாமல் இழுத்துக்கொள்கிறது. ஆனால் இது மட்டும் முழு விளக்கமாகாது. குழலின் கடைசிப் பகுதி ஏ.என்.பி.யின் பேச்சுக்கே மந்தமாகிவிடுகிறது என்று தெரிகிறது. ஏ.என்.பி. வந்து தொட்டதும் செல்லுக்குள் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற தூது மூலக்கூறு உருவாக வேண்டும். சிறுநீரக நோய் வரவழைத்த எலிகளில், அந்தத் தூதைச் சிதைக்கும் நொதி அதிகமாக வேலை செய்ததைப் பார்த்திருக்கிறார்கள். சேதி வாசல் வரை வருகிறது, வீட்டுக்குள் போய்ச் சேருவதில்லை.

இதில் ஒரு புதிரும் இருக்கிறது. ரத்தத்தில் ரெனின் இவ்வளவு குறைவாக இருந்தால், ரெனின் வரிசையைத் தடுக்கும் கேப்டோபிரில் மாத்திரையால் பயன் இருக்கக் கூடாது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அழுத்தம் இறங்கியது. ரத்தத்தில் தணிந்திருந்தாலும் சிறுநீரகத் திசுவுக்குள்ளே ஆஞ்சியோடென்சின் தன் போக்கில் வேலை செய்கிறது என்பது ஒரு விளக்கம். ரத்தக் குழாயில் ஊசி போட்டு எடுப்பது உடல் முழுவதின் சராசரி. ஒரு உறுப்பின் உள்ளே நடப்பது அதில் தெரியாமல் போகலாம். எனக்கு இந்த நோயில் மிகப் பிடித்த பாடம் இதுதான்.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. பச்சைக் குழந்தையிடம் ரெனின் மிக அதிகம், வளர வளரக் குறையும். ஆகவே ஏழு வயதுப் பிள்ளையின் ரெனினைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டால் தப்பாகிவிடும். படுத்திருந்தால் குறையும், எழுந்து நின்றால் ஏறும். சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசிமைடு மருந்து உள்ளே போனாலே ரெனின் எகிறிவிடும்; மருந்துக்கு முன்னால் எடுத்த ரத்தத்துக்குத்தான் அர்த்தம். மருத்துவமனையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஹார்மோன்களைப் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. சிறுநீர், ரத்த அழுத்தம், இந்த நோயில் ரத்தத்தில் குறையும் சி3 என்ற புரதம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்துபோனதைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. எதிர்ப்பொருள், சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் தேங்கும் கழிவான கிரியேட்டினின், பொட்டாசியம் இவையே போதும்.

பொட்டாசியம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்டோஸ்டிரோனின் இரண்டாவது வேலை பொட்டாசியத்தை வெளியேற்றுவது. அது குறைந்து, சிறுநீரும் குறைந்தால், பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நம் வீடுகளில் ஒண்ணுக்கு சரியாகப் போகவில்லை என்றால் முதலில் கைக்கு வருவது இளநீர். 100 மில்லிலிட்டர் இளநீரில் 200 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். சூட்டைத் தணிக்கும் என்று நம்பிக் கொடுக்கும் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் இந்தப் பிள்ளைக்கு ஆபத்தாகலாம். அப்புறம், உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று கடையில் சோடியம் குறைந்த உப்பு வாங்குவோம். அதில் சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. தயவுசெய்து வேண்டாம். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், கருவாடு எல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும். தண்ணீரும் மருத்துவர் சொல்லும் அளவுதான்.

ஹார்மோன் கணக்கைப் புரிந்துகொண்டால் சிகிச்சையும் புரிந்துவிடும். உப்பு போகாததுதான் கோளாறு, அதனால் உள்ளே வரும் உப்பை நிறுத்துகிறோம். ஏ.என்.பி. சொல்லிக் கேட்காத கடைசிப் பகுதிக்கு முன்னாலேயே, குழலின் வளைவில், ஃப்யூரோசிமைடு உறிஞ்சலைத் தடுக்கிறது. அழுத்தத்தை அசட்டை செய்யக் கூடாது: தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். மிச்சமிருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல பென்சிலின்.

பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். வார்டில் தினமும் காலையில் ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்போடு எடை பார்ப்பார்கள். ஒரு வாரத்துக்குள் ஒருநாள் சிறுநீர் தாராளமாகப் பிரியும். எடை சரசரவென்று இறங்கும். மேலறையின் இழுவை தளர்ந்து ஏ.என்.பி. தணியும், அமுங்கிக் கிடந்த ரெனின் மெல்ல ஏறும். சி3 பழைய அளவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கண்ணுக்குத் தெரியாத ரத்த அணுக்கள் சிறுநீரில் ஒரு வருடம்கூட வந்துகொண்டிருக்கலாம். கண்ணிமை வீக்கம்தான் முதலில் வடியும்.