பாலூட்டும் எலியின் குடலில் புழு ஏன் தங்கிவிடுகிறது?

நிப்போஸ்ட்ராஞ்சைலஸ் பிரேசிலியென்சிஸ் என்ற உருளைப்புழுவின் லார்வாக்களை எலியின் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தினால், அடுத்து நடப்பதை நாள் கணக்கில் சொல்லிவிடலாம். ஓரிரு நாளில் ரத்தம் வழியே நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து மூச்சுக்குழாயில் ஏறி, விழுங்கப்பட்டு, மூன்று நான்கு நாளில் சிறுகுடலுக்கு வந்துவிடும். ஆறாம் நாள் வாக்கில் புழுக்கையில் முட்டை தெரியும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான புழுக்களை எலி வெளியேற்றிவிடும். அதே எலி குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாயாக இருந்தால் மட்டும் புழுக்கள் தங்கிவிடும், முட்டையிடுவதும் நீளும்.

கருவை உடல் நிராகரித்துவிடாதபடி தாயின் நோயெதிர்ப்பு தணிகிறது, அதனால்தான் இப்படி என்று சொல்வதுண்டு. இது முழுதாகப் பொருந்தவில்லை. கர்ப்பத்தில் நோயெதிர்ப்பு சாய்வது இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 (நோயெதிர்ப்புச் செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்கள்) பக்கம். குடற்சளியைப் பெருக்கி, குடல் தசையை வேகமாகச் சுருங்க வைத்துப் புழுவை விரட்டுவதும் இதே பக்கம்தான். தவிர, தளர்வு அதிகம் தெரிவது கர்ப்பத்தில் அல்ல, பாலூட்டலில். குட்டிகளைப் பிரித்துவிட்டால் தாய் மறுபடி புழுக்களை வெளியேற்றத் தொடங்கும். திறமை போய்விடவில்லை, அதற்கான சரக்குதான் வேறு எங்கோ போகிறது.

எங்கே என்பதற்குப் பால் கணக்கே போதும். எலியின் கர்ப்பம் 21 முதல் 23 நாள். பிறக்கும்போது குட்டி ஒன்று 5–6 கிராம், இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 30 கிராம். 10–12 குட்டிகளின் மொத்த எடை அதற்குள் தாயின் எடையையே நெருங்கிவிடும், அத்தனையும் பாலால் வந்த வளர்ச்சி. சளியும் எதிர்ப்பொருளும் புரதம், பாலும் புரதம். தட்டுப்பாடு வந்தால் உடல் முதலில் பாலுக்கு ஒதுக்குகிறது. சோதித்துப் பார்க்க இரண்டு வழி: தீவனத்தில் புரதத்தைக் கூட்டுவது, அல்லது பிறந்தவுடன் குட்டிகளின் எண்ணிக்கையை மூன்றாகக் குறைப்பது. எதைச் செய்தாலும் புழுச்சுமை இறங்குகிறது. குட்டி ஈன்ற செம்மறியாட்டின் சாணத்தில் முட்டை எண்ணிக்கை ஏறுவதும் இதே காரணத்தால்தான் என்று கருதப்படுகிறது.

கர்ப்பகாலத்தையே ஆராய வேண்டுமானால் சுண்டெலியும் ஹெலிக்மோசோமாய்டெஸ் புழுவும் வசதி. இந்தப் புழு மாதக்கணக்கில் தங்கும். வாய்வழி கொடுத்த லார்வா முன்சிறுகுடலின் சுவருக்குள் போய், எட்டாம் நாள் வாக்கில் முதிர்ந்து வெளிவரும். சுண்டெலியின் கர்ப்பமோ 19–20 நாள்தான், ஆகவே இணைசேர்க்கும் முன்பே தொற்றை ஏற்படுத்திவிடுவது நல்லது. இணைசேர்ந்ததைக் காலையில் யோனி அடைப்பை, அதாவது யோனியில் உறைந்து நிற்கும் விந்துத் திரவத்தைப் பார்த்து உறுதி செய்யலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 6 சதவீதம், 24 சதவீதம் புரதமுள்ள தீவனங்களை இப்படி ஒப்பிட்டது.

இந்தப் புழு கருப்பைக்குள் நுழைவதில்லை. தாயின் பசி குறைவது, குடல் வழியே புரதம் கசிவது ஆகியவற்றின் மூலம்தான் கருவைத் தொடுகிறது. சுண்டெலிக் கரு எடையில் பெரும்பகுதியைக் கடைசி ஐந்தாறு நாளில் போடுகிறது, எனவே அப்போது வரும் பற்றாக்குறை நேராக எடையில் தெரியும். சோதனை கெடுவதும் இங்கேதான். தொற்றுள்ள தாய் குறைவாகத் தின்றால், எடைக்குறைவு புழுவாலா பட்டினியாலா என்று பிரிக்க முடியாது. தொற்றில்லாத இன்னொரு குழுவுக்கும் அதே அளவு தீவனம் அளந்து கொடுத்தாக வேண்டும். ஒரு தாயின் பத்துக் குட்டிகளைப் பத்துத் தனித் தரவுகளாக எண்ணுவது அடுத்த தவறு, கணக்கின் அலகு தாய்தான். இடையில் அல்பென்டசோல் கொடுத்துப் புழு நீக்கலாம் என்றால், அந்த மருந்தே எலிக்கருவில் ஊனம் உண்டாக்கும்.

புழு நேராகக் குட்டியை அடையும் விதிவிலக்கும் உண்டு. ஸ்ட்ராஞ்சிலாய்டெஸ் ராட்டி என்ற உருளைப்புழுவின் லார்வாக்கள் பாலூட்டும் எலியின் மடிக்குப் போய், பால் வழியாகக் குட்டியைத் தொற்றுகின்றன. இதற்கு நேர்மாறாக, கருவுறும் முன் நிப்போஸ்ட்ராஞ்சைலஸ் தொற்றி ஆறிய சுண்டெலித் தாயின் பாலால் குட்டிகளுக்கு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைப்பதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைக் கடத்துவது எதிர்ப்பொருள் அல்ல, பாலில் வரும் நோயெதிர்ப்புச் செல்கள்தான். கருப்பையின் பங்கையும் பாலின் பங்கையும் பிரித்தறிய, பிறந்த ஓரிரு நாளுக்குள் தொற்றுள்ள தாயின் குட்டிகளைத் தொற்றில்லாத தாயிடமும், அவளுடையவற்றை இவளிடமும் மாற்றி வளர்ப்பார்கள்.