சாக்ஸபோன் மவுத்பீஸ்: மெல்ல ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சாக்ஸபோன் கற்றுக்கொடுப்பதும் அதில் வாய் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ்களை அளந்து செப்பனிடுவதும் என் தொழில். இரண்டு வேலைகளிலும் நான் அடிக்கடி எதிர்கொள்வது ஒரே நம்பிக்கையைத்தான்: மவுத்பீஸின் வாய் அகலமாக இருந்தால் ஒலியும் பெரிதாகிவிடும் என்பது. இதை நம்பி, ஓரிரு ஆண்டுகளே பயின்ற மாணவர்கள் தாம் போற்றும் கலைஞர் பயன்படுத்தும் அதே எண் பொறித்த மவுத்பீஸை வாங்கிவிடுகிறார்கள். பிறகு கீழ் ஸ்வரங்கள் வராமல், மேல் ஸ்வரங்கள் நிலைக்காமல், மவுத்பீஸில் பொருத்தப்பட்டு காற்றில் அதிரும் மெல்லிய பட்டையான ரீடை அடக்குவதற்காகக் கீழுதட்டைப் பற்களின் மேல் அழுத்தி அழுத்தி, உதட்டின் உட்புறம் புண்ணாகி வந்து நிற்கிறார்கள். ஒரு மவுத்பீஸ் எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்பதைவிட, எவ்வளவு மெல்ல ஒலிக்க இடம் தருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையிலுள்ள இடைவெளியை, அதாவது மவுத்பீஸின் வாயை, டிப் ஓபனிங் என்கிறோம். தொடக்க மாணவர்கள் பலரிடம் இருக்கும் யமஹா ஆல்டோ 4சி மவுத்பீஸில் இது 1.6 மில்லிமீட்டர், செவ்வியல் இசைக் கலைஞர்கள் நெடுங்காலமாக விரும்பும் செல்மர் எஸ்80 சி ஸ்டாரில் 1.7, ஜாஸ் வாசிப்போரிடையே பரவலான மேயர் 5 ஏறக்குறைய 1.8. ஆல்டோவைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனுக்கான ஓட்டோ லிங்க் 7 ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் வரும். மேயர் ஆல்டோவின் 5 என்ற எண்ணும் ஓட்டோ லிங்க் டெனரின் 5 என்ற எண்ணும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி எண் வரிசை உண்டு என்பதால், பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டர் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

இடைவெளி கூடினால் ரீட் கூடுதல் தூரம் அசைந்து மூட வேண்டியிருக்கிறது. அதற்குக் காற்றும் வேண்டும், அந்தக் காற்றைத் தாங்கும் உதட்டுத் தசையும் வேண்டும். இவை இரண்டும் பயிற்சியால் வளர்ந்தவருக்கு அகலமான வாய் ஸ்வரத்தை வளைக்கவும் ஒலியின் நிறத்தை மாற்றவும் உதவும்; வளராதவருக்கு அதே அகலம் சுமையாகும். வாய் அகலமானால் ரீட் மென்மையாக வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1.6 மில்லிமீட்டரில் 3ஆம் எண் ரீடை (எண் கூடினால் ரீட் கடினம்) வாசித்தவர் 2 மில்லிமீட்டருக்கு மாறும்போது அதே ரீடைத் தொடர்ந்தால், மூச்சு வாங்குவதைத் தவிர வேறு பயன் இருக்காது. 2 அல்லது 2.5 எண் ரீடுக்கு இறங்கிப் பார்க்க வேண்டும்.

இனி ஒலியின் நிறத்துக்கு வருவோம். சாக்ஸபோன் ஒரு கூம்பு. ஆனால் மவுத்பீஸ் பொருந்தும் வளைந்த குழாயான நெக்கின் முனையில் அந்தக் கூம்பு முடிவடைவதில்லை, வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்ட அந்த முனையின் இடத்தை மவுத்பீஸின் உட்புறக் கொள்ளளவுதான் ஈடுசெய்கிறது. எனவே உள்ளறை பெரிதாக இருக்கும் மவுத்பீஸை நெக்கின் முனையைச் சுற்றியுள்ள கார்க்கில் அதிகம் உள்ளே தள்ள வேண்டும், சிறிதாக இருப்பதை வெளியே இழுக்க வேண்டும். கொள்ளளவு கருவிக்குப் பொருந்தவில்லை என்றால், நடு ஸ்வரம் ஒன்றைச் சுருதி சேர்த்துவிட்டாலும் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒன்றோடொன்று சேராது. 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற அடால்ஃப் சாக்ஸின் மவுத்பீஸ்களில் உள்ளறை அகன்று உருண்டையாக இருந்தது. 1920களின் பல கருவிகளும் அத்தகைய பெரிய அறையையே எதிர்பார்க்கின்றன. பழைய கருவியை ஆசையோடு வாங்கி, இன்றைய குறுகிய அறை மவுத்பீஸைப் பொருத்திவிட்டு, கருவியே சுருதி கெட்டது என்று வருந்துவோரிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது மவுத்பீஸைத்தான்.

ரீடுக்கு நேரெதிரே, நுனியை அடுத்து உள்நோக்கி இறங்கும் பரப்பைப் பேஃபிள் என்பார்கள். அது ரீடை நெருங்கி உயர்ந்திருந்தால் ஒரு ஸ்வரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் நுண்ணிய மேற்சுரங்கள் வலுவடைந்து ஒலி கூர்மையாகும். மின்கருவிகளுக்கு நடுவே தனித்துக் கேட்க வேண்டிய இடத்தில் அது பயன் தரும். தாழ்ந்து இறங்கினால் ஒலி தடித்து இருளும், பிற கருவிகளோடு எளிதில் கலக்கும். உயர்ந்த பேஃபிளும் அகன்ற வாயும் ஒருங்கே அமைந்த மவுத்பீஸை மெல்ல வாசிப்பதற்கு முதிர்ந்த கட்டுப்பாடு தேவை. கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதை நான் பரிந்துரைப்பதே இல்லை.

உலோகமா, எபோனைட்டா (கடின ரப்பர்), பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை. உலோக மவுத்பீஸ் கூர்மையாக ஒலிக்கும் என்ற எண்ணம், பல உலோக மவுத்பீஸ்கள் உயர்ந்த பேஃபிளோடு வருவதால் பிறந்தது. ஓட்டோ லிங்கின் உலோக டெனர் மவுத்பீஸ் பெரிய அறையும் தாழ்ந்து உருளும் பேஃபிளும் கொண்டது. அதன் ஒலியை இதமானது என்றே எல்லோரும் சொல்கிறார்கள். உலோகம் வெளிப்புறத்தில் மெலிதாக இருப்பதால் வாசிப்பவர் தம் வாயைத் திறக்கும் அளவு மாறும், அந்த வசதி சிலருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அளவுகளைவிடவும் நான் அதிகம் கவலைப்படுவது செய்நேர்த்தியைப் பற்றித்தான். ரீட் படியும் மேடையான டேபிள் சமதளமாக இருக்க வேண்டும். அங்கிருந்து நுனி வரை இரு பக்க விளிம்புகளும் ஒரே வளைவில் இறங்க வேண்டும். மவுத்பீஸைக் கோடிட்ட கண்ணாடித் தகட்டில் படிய வைத்து, 0.04 மில்லிமீட்டருக்கும் சற்றே குறைந்த தடிமனுள்ள இதழை இடையில் செருகினால், அது இரு பக்கமும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னும் நின்றால் ரீட் கோணலாக மூடும். கீச்சொலி வரும், கீழ் ஸ்வரங்கள் தயங்கும், ஒரு பெட்டி ரீட்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் ஒலிக்கும். வாசிப்பவர் ரீடைக் குறை சொல்லி மேலும் மேலும் பெட்டிகளை வாங்கிக்கொண்டிருப்பார். குறை விளிம்பில் இருக்கும். விலை உயர்ந்த புதிய மவுத்பீஸ்களிலும் இக்குறையை நான் அளந்து கண்டிருக்கிறேன் என்பதால், விலையைத் தரத்தின் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

அளவுகோல் இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. நனைத்த ரீடைப் பொருத்தி, பின்துளையை உள்ளங்கையால் மூடி, வாயால் காற்றை உறிஞ்சிவிட்டு வாயை எடுங்கள். ரீட் ஓரிரு நொடி ஒட்டியிருந்து ‘டப்’ என்று விடுபட்டால் காற்று கசியவில்லை என்று பொருள். பல ரீட்களில் முயன்றும் ஒட்டவில்லை என்றால் டேபிளையோ விளிம்பையோ சந்தேகிக்கலாம். பயன்படுத்திய மவுத்பீஸை வாங்குவோர் நுனியில் சிறு சிதைவாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதோடு, அது முன்பே யாராலாவது மறுபடி தேய்க்கப்பட்டதா என்றும் கேட்டறிய வேண்டும். தேய்த்திருந்தால் பொறித்த எண்ணுக்குப் பொருளில்லை.

தேர்வு செய்யும் நாளில் ஏற்கெனவே பழகிய ரீட்களையும் சற்று மென்மையான, சற்றுக் கடினமான ரீட்களையும் உங்கள் பழைய மவுத்பீஸையும் கொண்டு செல்லுங்கள். முதலில் மவுத்பீஸை மட்டும் தனியாக ஊதிப் பாருங்கள்: செவ்வியல் முறையில் ஆல்டோவுக்கு அது பியானோவின் ஏ, அதாவது 880 ஹெர்ட்ஸ் அளவில் நிற்பது வழக்கம், ஜாஸ் வாசிப்போர் இன்னும் கீழே வைப்பார்கள். இதைவிட மேலே போனால் நீங்கள் ரீடை அளவுக்கு மீறி அழுத்திக் கடிக்கிறீர்கள், அந்த நிலையில் எந்த மவுத்பீஸையும் மதிப்பிட இயலாது. பிறகு கருவியில் பொருத்தி, மிகக் கீழேயுள்ள பி ஃபிளாட்டை நாக்கால் தட்டாமல், காற்றால் மட்டும், கேட்டும் கேளாத அளவில் தொடங்குங்கள். உள்ளங்கைச் சாவிகளால் வரும் மேல் ஸ்வரங்களையும் அதே மென்மையில் பிடித்துப் பாருங்கள். இவை இரண்டும் தடையின்றி வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டுங்கள். சுருதிமானியை முன்னே வைத்து ஸ்தாயி இடைவெளிகளைச் சரிபாருங்கள்.

வாசிப்பவர் காதில் விழுவதில் ஒரு பங்கு மேல்பற்கள் வழியே மண்டை எலும்பில் ஏறி வருகிறது என்பதால், கேட்போருக்குப் பெரிதாகத் தெரியாத வேறுபாடும் நமக்குப் பெரிதாகத் தோன்றும். அறையின் மறுகோடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, எது எது என்று தெரியாமல் பின்னர் கேட்டுப் பாருங்கள். இயன்றால் வேறொருவரையும் கேட்கச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிட மகிழ்ச்சியில் முடிவெடுக்காமல், திருப்பித் தரும் வசதியோடு சில நாட்கள் வைத்திருந்து, களைத்த உதட்டோடும் வாசித்துப் பாருங்கள்.

முடிவான பிறகு குறைந்தது சில மாதங்களுக்கு வேறொன்றைத் தேடாதீர்கள். உதடு புதிய வளைவுக்குப் பழகுவதற்கு முன்பே மாற்றினால் எதன் குணத்தையும் அறிய முடியாது. எபோனைட்டை வெந்நீரில் கழுவவோ வெயிலில் வைக்கவோ கூடாது: வெப்பம் டேபிளை வளைக்கும், ஒளி மேற்பரப்பைப் பச்சையாகவும் பழுப்பாகவும் மாற்றிக் கந்தக நெடியை எழுப்பும். பொறுக்கும் சூட்டுக்கும் குறைவான நீரில் மென்மையாகக் கழுவி, ரீடைக் கழற்றிவிட்டு உலர வைத்தால் போதும்.